கல்லாவ மட்டும் பாத்து ரெண்டு கடைய ஒப்பிடாதீங்க

வேலூர்ல சத்துவாச்சாரில ஒண்ணு, காட்பாடில ஒண்ணுன்னு ரெண்டு மளிகைக்கடை வெச்சிருக்கோம். ரொம்ப நாளா ராத்திரி கல்லா எண்ணி முடிச்சதும் ஒரு ஆளுக்கு எவ்ளோ வியாபாரம்னு வகுத்துப் பாத்து, எது ஜாஸ்தியோ அந்தக் கடை பசங்கதான் நல்லா வேலை செய்றாங்கன்னு நெனச்சிகினு இருந்தேன். அந்தக் கணக்க நம்பி சத்துவாச்சாரி கடைல ஒரு நல்ல பையன அநியாயமா திட்டிட்டேன், அது இன்னும் மனசுல உறுத்துது, அதனாலதான் இத விலாவாரியா எழுதுறேன்.

முதல்ல ஆள எண்ணாதீங்க, வேலை செஞ்ச மணிய எண்ணுங்க. ஆள் கணக்குல பாத்தா 12 மணி நேரம் நிக்க வெக்கிற கடைதான் பிரமாதமா தெரியும். தமிழ்நாட்டு கடைகள் சட்டம் 1947லயே ஒரு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணின்னு சொல்லிடுச்சி, மணியால வகுத்தா யாரப் போட்டு புழிஞ்சி எடுக்கறோம்னு நம்ம நோட்டுலயே தெரிஞ்சிடும். ஞாயித்துக்கிழமை மட்டும் வர்ற காலேஜ் பையன், மத்தியானம் கல்லால உக்கார்ற வீட்டம்மா, காலைல ஷட்டர் தூக்கற நீங்க, எல்லார் மணியும் சேரணும். வீட்டாளுங்களுக்கு சம்பளம் இல்லன்னு விட்டுட்டா கணக்கு மொத்தமும் பொய்யாயிடும், நம்ம ஊர்ல பாதி கடைல இந்த எடத்துலதான் தப்பு நடக்குது.

உதாரணத்துக்கு, சத்துவாச்சாரில ஒரு நாள் வியாபாரம் 72,000, ஆறு பேர் எட்டு மணி, மொத்தம் 48 மணி, ஒரு மணிக்கு 1,500 ரூபா. காட்பாடில 60,000, நாலு பேர் எட்டு மணி, 32 மணி, ஒரு மணிக்கு 1,875. காட்பாடிதான் மேலன்னு தோணும்ல? அவசரப்படாதீங்க, வியாபாரத்துக்கு பதிலா சரக்கு வெல போக நிக்கிற மார்ஜின எடுத்து வகுங்க. காட்பாடில பால் பாக்கெட்டு, ரீசார்ஜுன்னு கை மாத்தி விடற அயிட்டம்தான் ஜாஸ்தி, மார்ஜின் 10 பர்சன்ட்னு வெச்சா 6,000, மணிக்கு 187.50. சத்துவாச்சாரில லூஸ் பருப்பு, மொளகா, மல்லின்னு மூட்டையா எறக்கி நாமளே பாக்கெட் போட்டு விக்கறதால 14 பர்சன்ட், 10,080 ரூபா, மணிக்கு 210. அப்டியே தலகீழா மாறிடுச்சி பாருங்க. ஒரே ஒரு கணக்குதான் போட முடியும்னா மணிக்கு மார்ஜின் போடுங்க, என்னக் கேட்டா அதுதான் நிஜமான கணக்கு.

வியாபாரத் தொகைய ஜிஎஸ்டி கழிச்சிதான் எழுதணும். 2025 செப்டம்பர் 22ல இருந்து சோப்பு, ஷாம்பு, டூத்பேஸ்ட்டுக்கு 18 பர்சன்ட் வரி 5 ஆயிடுச்சில்ல, 118க்கு வித்தது 105 ஆவுது, வரியோட எழுதி அதுக்கு முந்தின வருஷத்தோட ஒப்பிட்டா அதே பீஸ் வித்திருந்தும் கிட்டத்தட்ட 11 பர்சன்ட் கொறஞ்ச மாதிரி காட்டும். பசங்க மேல ஒரு தப்பும் இருக்காது.

நாளுங்களும் பொருந்தணும். மாசம் பொறந்து பத்து தேதி வரைக்கும் மாச சாமான் வாங்கறவங்க வருவாங்க, அத 25ஆம் தேதியோட வெச்சி பாக்கக்கூடாது. 2024ல தீபாவளி அக்டோபர் 31, 2025ல அக்டோபர் 20, அதனால அக்டோபர் கடைசி வாரத்தயும் கடைசி வாரத்தயும் ஒப்பிட்டா பிரயோஜனமே இல்ல, தீபாவளிக்கு முந்தின பத்து நாளோட முந்தின பத்து நாள வெச்சி பாருங்க. காட்பாடில விஐடி காலேஜ் லீவு விட்டா தெருவே அமைதியாயிடும், சத்துவாச்சாரிக்கு அந்தக் கவலை இல்ல, அந்த வாரங்கள்ல ரெண்டு கடைய பக்கத்துல பக்கத்துல வெக்கறதே அநியாயம். ஒரு கடைய முதல்ல அதே கடையோட போன வருஷத்தோட பாருங்க, அப்பறம்தான் இன்னொரு கடை.

சதுர அடிக்கு எவ்ளோன்னும் போடலாம், ஆனா அது வாடகை கட்டுபடியாவுதான்னு பாக்கத்தான் உதவும், ஆளுங்க வேலைய அளக்காது.

நம்பர் கொறஞ்சிருந்தா எங்க மணி போவுதுன்னு கண்டுபிடிக்கணும். ஒரு நோட்டு எடுத்துகினு 10 நிமிஷத்துக்கு ஒரு தடவ யார் என்னா செய்றாங்கன்னு மட்டும் குறிங்க, பில், ரேக் அடுக்கறது, எடை, பாக்கெட், சில்லறை தேடறது, சும்மா நிக்கறது. வெள்ளி, சனி சேத்து ஒரு வாரம் எழுதுங்க. பசங்ககிட்ட முன்னாடியே சொல்லிட்டு செய்யுங்க, ஒளிஞ்சி பாத்தா மனசு ஒடஞ்சிடுவாங்க. உக்காந்திருக்கறத சும்மா இருக்கறதுன்னு எழுதாதீங்க, கடையில வேலை செய்றவங்களுக்கு உக்கார வசதி தரணும்னு 2021லயே சட்டம் வந்துடுச்சி, உக்காந்து பில் போட்டாலும் பில்லுதான். எங்க கடைல பாத்தப்ப, வெல ஸ்டிக்கர் ஒட்டாத அயிட்டத்துக்கு பில் போடறவரு எழுந்து ரேக்குக்கு போய் வர்றதுலயே நெறைய நேரம் போச்சி, ஸ்டிக்கர் மிஷின் வாங்கினதும் அது நின்னுடுச்சி.

நான் திட்டின பையன் காலைல பூரா பின்னாடி ரூம்ல பருப்பு பாக்கெட் போட்டுகினு இருந்திருக்கான், பில்லுல அவன் பேரே வராது, ஆனா அந்த 14 பர்சன்ட் அவன் கையிலதான் வந்திருக்கு. நேரா போய் மன்னிப்பு கேட்டேன். இப்ப நோட்டுல பாக்கெட் போடற மணிக்குன்னு தனி கட்டம் இருக்கு, அத அவனே தெனமும் எழுதறான்.