வேருக்கு மட்டும் டை: நரையை வீட்டிலேயே மறைக்கும் என் முறை

டை வாங்கப் போனால் கை தானாகக் கறுப்பு டப்பாவுக்குத்தான் நீளும். இருந்தது கறுப்பு முடி, அடிக்க வேண்டியதும் கறுப்பு என்று மனசு கணக்குப் போட்டுவிடுகிறது. எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. கறுப்பு என்று நாம் சொல்கிற முடியை வெயிலில் தூக்கிப் பாருங்கள், பெரும்பாலும் அடர் பழுப்புதான். டப்பாவில் வருகிற சுத்தக் கறுப்பில் அந்தப் பழுப்பு கிடையாது. தொப்பி போட்டமாதிரி தட்டையாக உட்கார்ந்துகொள்ளும், முகத்தில் இருக்கிற சுருக்கத்தையெல்லாம் எடுத்துக் காட்டும். அதைவிடப் பெரிய தொல்லை, வேரில் வெள்ளை எட்டிப் பார்க்கும்போது. கறுப்பை ஒட்டி அந்தக் கோடு பளிச்சென்று நிற்கும். பழுப்பை ஒட்டி அவ்வளவு உறுத்தாது.

அதனால் நிறப் பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். பெரும்பாலான டப்பாக்களில் 1 என்றால் கறுப்பு, 3 அடர் பழுப்பு, 4 நடுத்தரப் பழுப்பு, 5 இளம் பழுப்பு. எண் ஏற ஏற நிறம் வெளுக்கும். புள்ளிக்குப் பின்னால் வரும் எண் சாயலைச் சொல்வது: சாம்பல், பொன், செம்பு, சிவப்பு. அது கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். நரையை மறைக்கப் புள்ளி இல்லாத வெறும் எண்ணோ, புள்ளிக்குப் பின்னால் 0 போட்டதோதான் சரி. செம்பு, சிவப்புச் சாயல்களைத் தனியாக வெள்ளை முடியில் போட்டால் கண்ணைப் பறிக்கும். ஆசையாக இருந்தால் இயல்பு நிறத்தோடு பாதிக்குப் பாதி கலந்துகொள்ளலாம். எனக்கு 3 பொருந்துகிறது. அக்காவுக்கு முக்கால் தலை நரை, அவளுக்கு 4 போட்டுவிடுகிறேன். இரண்டு எண்ணுக்கு நடுவில் தடுமாறினால் வெளிர் பக்கம் சாயுங்கள். வெளிராகப் போனதை அடுத்த முறை அடர்த்தியாக்கிக்கொள்ளலாம். அடர்த்தியாகப் போனதன்மேல் வெளிர் டை அடித்தால் ஒன்றும் நடக்காது, ஏற்கெனவே ஏறிய சாயத்தை டை வெளுக்காது.

அடுத்தது, எந்த வகை. தலைக்கு ஊற்ற ஊற்றப் போய்விடும் தற்காலிகச் சாயம் முடியின் மேல்தோலில் ஒட்டுவதோடு சரி, நரையை முழுதாக மறைக்காது. அங்கொன்றும் இங்கொன்றுமாக நரைத்தவர்களுக்கு அரை நிரந்தர டை போதும். மெதுவாக மங்கும், வேரில் கோடு விழாது. காதோரமும் முன்வகிடும் வெளுத்துப்போனவர்களுக்கு நிரந்தர டைதான் வேலைக்காகும். அதில் இருக்கும் அம்மோனியா, அல்லது அதற்குப் பதிலாகச் சேர்க்கும் இன்னொரு காரம், முடியின் செதில்களைத் திறக்கும். நிறமில்லாத சின்ன மூலக்கூறுகள் உள்ளே நுழையும். டையோடு கலக்கிற டெவலப்பர் என்ற திரவத்தில் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு அவற்றை உள்ளேயே ஒன்றோடொன்று சேர்த்து, நிறமாக்கி, வெளியே வரமுடியாதபடி பெரிதாக்கிவிடும். இதற்கெல்லாம் நேரம் வேண்டும். பத்தே நிமிஷத்தில் கழுவிவிட்டு டை பிடிக்கவில்லை என்று குறை சொல்லக்கூடாது. நரைக்கு 20 வால்யூம் டெவலப்பர், அதாவது 6 சதவீதம் பெராக்சைடு உள்ளது. அதற்கு மேலே போனால் முடியும் தலைத்தோலும்தான் கஷ்டப்படும்.

இனி அலர்ஜி விஷயம். இதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். பல டைகளில் பிபிடி என்கிற பாரா ஃபினைலீன் டையமைன் இருக்கிறது. வருஷக்கணக்காக ஒத்துக்கொண்டு வந்தவர்களுக்கும் ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அதனால் ஒவ்வொரு முறையும் 48 மணி நேரம் முன்பே, டப்பாவில் இருக்கும் தாளில் சொன்னபடி, காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்மடிப்பிலோ ஒரு துளி வைத்துப் பார்க்க வேண்டும். அரிப்பு, சிவப்பு, தடிப்பு என்று எது வந்தாலும் கழுவிவிட்டு டப்பாவை ஓரம் கட்டுங்கள். கறுப்பு மருதாணி டாட்டூ போட்டுப் புண்ணானவர்கள் பிபிடி உள்ள டை பக்கமே போகக்கூடாது, அந்த டாட்டூவில் பெரும்பாலும் அதே ரசாயனம்தான். டை அடித்தபின் முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே ஆஸ்பத்திரி. தலையில் புண், கீறல் இருந்தால் ஆறும்வரை பொறுங்கள்.

இதுவரை மூலிகைப் பொடி என்ற பெயரில் எதையாவது தடவி வந்திருக்கிறீர்களா? சிலவற்றில் உலோக உப்பு கலந்திருக்கும். அது பெராக்சைடோடு சேர்ந்தால் சூடேறி முடியை நாசமாக்கும். சீப்பில் வரும் நாலு முடியைச் சுருட்டி, கலந்த டையில் அரைமணி நேரம் போட்டுப் பாருங்கள். சூடேறினாலோ நுரைத்தாலோ தலையில் வைக்க வேண்டாம்.

டை அடிக்கும் நாளில் தலைக்குக் குளிக்காதீர்கள். முந்தின நாள் குளித்திருந்தால் போதும், தோலில் ஊறியிருக்கும் எண்ணெய்ப்பசை எரிச்சலைக் குறைக்கும். சிக்கெடுத்து, உலர்ந்த முடியில்தான் தொடங்க வேண்டும். பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிக் கிண்ணம், பிரஷ், வால் சீப்பு, நாலு கிளிப், கையுறை, போனால் போகட்டும் என்று நினைக்கிற ஒரு சட்டை. எவர்சில்வர் கிண்ணம் வேண்டாம். நெற்றியோரம், காது, பிடரி எல்லாவற்றிலும் வாசலீன் தடவுங்கள். ஆனால் அது முடியில் ஏறக்கூடாது, ஏறிய இடத்தில் டை பிடிக்காது.

வேருக்கு மட்டும் அடிக்க முழு டியூப் தேவைப்படாது. நான் பாதி டியூபைப் பிழிந்து, தாளில் எழுதியிருக்கிற விகிதத்தில் டெவலப்பரைச் சின்னத் தராசில் நிறுத்து ஊற்றுவேன். சிலதில் ஒன்றுக்கு ஒன்று, சிலதில் ஒன்றுக்கு ஒன்றரை. கண்ணளவில் ஊற்றினால் நீர்த்துப் போய் நரை வெள்ளையாகவே சிரிக்கும். கலந்ததும் உடனே அடிக்க ஆரம்பித்துவிட வேண்டும்.

முடியை நெற்றி முதல் பிடரி வரை ஒரு வகிடு, காது முதல் காது வரை ஒரு வகிடு என்று நான்காகப் பிரித்துக் கிளிப் போடுங்கள். பிடிவாதக்கார நரை எங்கே இருக்கிறதோ அங்கேதான் முதல் பிரஷ் படவேண்டும். எனக்கு வலது காதோரம். அங்கே இருக்கும் முடி குட்டையாக, கம்பிபோல விறைப்பாக, முகத்தைப் பார்த்துப் படுத்திருக்கும். மேலோட்டமாகப் பூசினால் மேல்பக்கம் மட்டும் நிறம் ஏறி, அடிப்பக்கம் வெள்ளையாக மிஞ்சும். கொண்டையைப் பின்னால் இழுத்த உடனே அந்த அடிப்பக்கம் வெளியே வந்துவிடும். அதனால் பிரஷை முடி படுத்திருக்கும் திசைக்கு எதிராக, முகத்திலிருந்து பின்பக்கம் தள்ளிப் பூசுவேன். அப்புறம் கையுறை போட்ட விரல்நுனியால் முடியை நிமிர்த்தி, அடியிலும் கொஞ்சம் அப்புவேன். முடி தெரியாத அளவுக்குக் கெட்டியாக இருக்கவேண்டும். இங்கே சிக்கனம் பார்க்க வேண்டாம்.

காதோரம் இரண்டும், முன்நெற்றி, வகிடு என்ற வரிசையில் முடித்துவிட்டுப் பின்தலைக்குப் போங்கள். சீப்பின் வாலால் அரை சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒவ்வொரு வரியாக எடுத்து, வேரில் மட்டும் பூச வேண்டும். பழைய சாயம் தொடங்குகிற இடத்தில் பிரஷ் நின்றுவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் நுனிவரை இழுத்துப் பூசுகிறவர்களுக்குத்தான் வேர் பழுப்பாகவும் நுனி மையாகவும் போய், முடியும் சொரசொரவென்று ஆகிறது. பின்தலைக்கு என் வீட்டுக்காரரைக் கூப்பிடுவேன். முதலில் முகம் சுளிப்பார், பிரஷைக் கையில் வாங்கியதும் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவரின் கவனம் வந்துவிடும். ஆள் கிடைக்காதவர்களுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு கண்ணாடி போதும்.

கடைசி வரியைப் பூசி முடித்த பிறகுதான் நேரத்தைக் கணக்கு வையுங்கள், தாளிலேயே வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் தவிர. பெரும்பாலும் 30 முதல் 45 நிமிஷம், அந்த டப்பாவில் போட்டிருக்கும் உச்ச நேரத்தைத் தாண்ட வேண்டாம். முடியை மண்டையோடு அழுத்தி வைக்காமல் விரலால் லேசாகத் தூக்கிவிடுங்கள், காற்று பட வேண்டும். இறக்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஈரப் பஞ்சால் காதோரத்தில் ஒரு சின்ன இடத்தைத் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையோ மஞ்சளோ தெரிந்தால் கிண்ணத்தில் மிச்சமிருப்பதை அந்த இடத்தில் மறுபடி அப்பிவிட்டு, நேரம் மிச்சமிருக்கும்வரை விடுங்கள்.

கழுவுவதற்கு முன் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, டையை விரலால் நெற்றியோரம் முழுக்கக் குழைத்துத் தேயுங்கள். தோலில் பிடித்த கறையைக் கரைப்பதற்கு அந்தக் குழைந்த டையே நல்ல மருந்து. நடு முடி மங்கிப்போயிருந்தால், அதையே கீழே இழுத்து இரண்டொரு நிமிஷம் வைத்தால் போதும், நிறம் சமமாகிவிடும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில், தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசி, டப்பாவோடு வந்த கண்டிஷனரைப் போடுங்கள். அடுத்த ஷாம்பூவை இரண்டு நாள் தள்ளிப்போடுவது நல்லது.

மீசைக்கு அடிக்கலாமா என்று இவர் கேட்பார். முகத்துக்கு என்றே விற்கிறதை, அதே 48 மணி நேரச் சோதனைக்குப் பிறகு அடிக்கலாம். புருவத்துக்கும் இமைக்கும் தலை டை கூடவே கூடாது, கண்ணுக்கு ஆபத்து.

முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆகவே நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை வேருக்கு அடித்தால் சமாளித்துவிடலாம். நடுவில் விசேஷம் ஏதாவது வந்தால் வேரில் தூவும் நிறப்பொடியே போதும், அல்லது வகிட்டை ஒரு விரல் தள்ளி எடுத்தாலே பாதி மறைந்துவிடும். கலந்து மிஞ்சிய டையை மட்டும் மூடி போட்டு எடுத்து வைக்காதீர்கள். உள்ளே வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும். கலக்காமல் மிஞ்சிய டியூபை இறுக மூடி வைத்து அடுத்த முறைக்கு எடுத்துக்கொள்ளலாம்.