ரெண்டாவது ஆல்பம் நல்லாருக்கா இல்லையான்னு எப்படி முடிவு பண்றது

கேரளா பேண்ட் தைக்குடம் பிரிட்ஜோட ரெண்டாவது ஆல்பம் நமஹ 2019ல வந்தப்ப சேலம் அஞ்சு ரோடு பக்கம் தட்டுவடை செட் சாப்ட்டுட்டே நாங்க நாலு பேரு ஒரு வாரம் சண்ட போட்டோம். ஒருத்தனுக்கு 2015ல வந்த மொத ஆல்பம் நவரசத்துல இருந்த மண்வாசன இதுல இல்ல, இன்னொருத்தனுக்கு வெளிநாட்டுக்காரங்க வந்து வாசிச்சதுதான் உசுரு. அந்த சண்டைல நான் கத்துக்கிட்டத சொல்றேன்.

மொதல்ல, மூணு தடவ முழுசா கேக்குற வரைக்கும் எந்த ரிவ்யூவும் படிக்காதீங்க. ஷஃபிள ஆஃப் பண்ணிட்டு அவங்க வச்ச வரிசைலயே கேளுங்க, ஏன்னா எந்தப் பாட்டுக்கு அப்புறம் எது வரணும்னு யோசிச்சுதான் அடுக்கிருப்பாங்க.

எங்க கேக்குறீங்கங்கறது ரொம்ப முக்கியம்ங்க. எங்க ஆளு ஒருத்தன் ஏற்காடு பஸ்ல 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடியறதுக்குள்ள கேட்டுட்டு பேஸே (அடில முழங்குற கனமான சத்தம்) இல்ல, சப்புன்னு இருக்குன்னான். பஸ்ஸு கியர மாத்தி உறுமிட்டு ஏறும்போது அந்த சத்தம் பேஸ அப்படியே அமுக்கிடும், ஃபோன் ஸ்பீக்கர்லயோ அது சுத்தமா வராது. மேல எறங்கி ரூம்ல நல்ல ஹெட்ஃபோன் போட்டு கேட்டப்ப அதே ஆளு வாயத் தொறக்கல. பழைய ஆல்பத்தோட ஒப்பிடுறதா இருந்தா ரெண்டையும் ஒரே சத்த அளவுல வைங்க, கொஞ்சம் சத்தமா இருக்கறதுதான் நம்ம காதுக்கு நல்லா இருக்க மாதிரி தோணும்.

இப்ப ரிவ்யூ படிங்க. ஸ்டார எண்ணாதீங்க, எத எதோட ஒப்பிடுறாருன்னு பாருங்க. மொத ஆல்பம் பெரும்பாலும் பல வருஷமா மேடைல பாடிப் பாடி தேறுன பாட்டுங்க, ரெண்டாவதுக்கு அந்த அவகாசம் கெடைக்கறதில்ல. தைக்குடம் டிவில லைவா வாசிச்சு பேர் வாங்குனவங்க, அதனால அந்த லைவ் சூட்டத் தேடுற ரசிகனும் ஸ்டுடியோ வேலைய எட போடுற விமர்சகரும் ஒரே ஆல்பத்த கேட்டாலும் வேற வேற விஷயத்ததான் பேசுவாங்க, ரெண்டு பேரும் பொய் சொல்லல. அதுக்காக அவகாசம் இருந்தா எல்லாம் சரியாகிடும்னும் இல்ல, இங்கிலாந்து ராக் பேண்ட் ஸ்டோன் ரோசஸ் 1989ல மொத ஆல்பம் விட்டு 1994லதான் ரெண்டாவத விட்டாங்க, அஞ்சு வருஷம் காத்திருந்த எதிர்பார்ப்பே அவங்களுக்கு பாரமாயிருச்சு.

முடிவ உடனே கல்லுல செதுக்காதீங்க. அமெரிக்க ராக் பேண்ட் வீசரோட ரெண்டாவது ஆல்பம் பிங்கர்ட்டன் 1996ல வந்தப்ப ரோலிங் ஸ்டோன் பத்திரிகை வாசகர்கள் அத அந்த வருஷத்தோட மோசமான ஆல்பங்கள்ல ஒண்ணுன்னு ஓட்டு போட்டாங்க, 2002ல அதே பத்திரிகையோட வாசகர் ஓட்டுல எல்லா காலத்துக்குமான சிறந்த ஆல்பங்கள்ல 16வது எடம். பாட்டு ஒண்ணும் மாறல, அத கேட்டு வளந்த ஒரு தலமுற வந்துருச்சு. எனக்கு இந்த விஷயம் இன்னைக்கும் சிலிர்க்குது.

அதனால ஒரு மாசம் விட்டு மறுபடி கேட்டுட்டு எழுதுங்க. புடிக்கலன்னு எழுதுனாலும் எந்தப் பாட்டு, எத்தனாவது நிமிஷம், அங்க என்ன உறுத்துதுன்னு எழுதுங்க, அப்பதான் எதிர்ல இருக்கவன் அந்த எடத்த ஓடவிட்டு கேட்டுப் பாத்துட்டு உங்களுக்கு பதில் சொல்ல முடியும்.