சென்னை டிக்கெட் ஏன் கசக்கிறது? விமானக் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம்

கடையநல்லூர் நண்பர் துபாயில் வேலை பார்க்கிறார். போன தடவை வந்தபோது, "தூத்துக்குடி வாகைக்குளம் ஏர்போர்ட்டுல ஏறி சென்னையில இறங்க ஒன்றரை மணி நேரம். கிலோமீட்டர் கணக்குப் பார்த்தா திருவனந்தபுரம்–துபாயை விட அதிகமால்லா பிடுங்குதான்!" என்றார். அவர் சொன்னது சரிதான். ஒரு தாளும் செல்போன் கால்குலேட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: செலவை இரண்டாகப் பிரியுங்கள்

பாளை பஸ் ஸ்டாண்டிலிருந்து ஜங்ஷன் போகும் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். நின்று நின்று கிளம்புவதிலேயே டீசல் தீர்ந்துவிடும். விமானமும் அப்படித்தான். மேலே ஏறும்போதுதான் எரிபொருளைக் குடிக்கும். உயரத்துக்குப் போய்விட்டால் சாதுவாகிவிடும். தரையிறங்கும் கட்டணம், பெட்டி ஏற்றி இறக்கும் கூலி, டயர் தேய்மானம் எல்லாம் பயணத்துக்கு ஒரு தடவைதான், தூரம் எவ்வளவு என்றாலும். இதை 'புறப்பாட்டுச் செலவு' என்று எழுதுங்கள். மற்றது 'கிலோமீட்டர் செலவு'.

படி 2: எண்களைப் போடுங்கள்

இவை புரிவதற்காக நான் வைத்துக்கொண்ட எண்கள். புறப்பாட்டுக்கு 1,50,000 ரூபாய், கிலோமீட்டருக்கு 300 ரூபாய், 180 இருக்கை.

500 கி.மீ. (சென்னை மாதிரி): 1,50,000 + 1,50,000 = 3,00,000. இருக்கைக்கு 1,667, கிலோமீட்டருக்கு 3.33.

2,800 கி.மீ. (துபாய் மாதிரி): 1,50,000 + 8,40,000 = 9,90,000. இருக்கைக்கு 5,500, கிலோமீட்டருக்கு 1.96.

விமானம் அதேதான். ஒன்றரை லட்சத்தை 500 கிலோமீட்டர் தலையில் கட்டுகிறோமா, 2,800 தலையில் கட்டுகிறோமா என்பதுதான் வித்தியாசம். 180-இல் 126 பேர்தான் ஏறினார்கள் என்றால் சென்னைக்கு ஆளுக்கு 2,381 ஆகிவிடும். போட்டுப் பாருங்கள்.

தரையில் நிற்கும் நேரத்தையும் மறக்கக் கூடாது. பறந்தால்தான் வருமானம், நின்றாலும் குத்தகைப் பணம் ஓடும். ஒரு நாளில் ஆறு குட்டிப் பயணம் என்றால் ஆறு தடவை நிற்க வேண்டும்.

படி 3: தூரம் கூடிக்கொண்டே போனால்?

தூரம் கூடக் கூட லாபம்தானே என்று நினைக்காதீர்கள். உள்ளபடிக்கு துபாய் நெடுந்தூரமே இல்லை, நாலு மணி நேரம்தான். சென்னை–லண்டன் மாதிரி 8,000 கிலோமீட்டரைத் தாண்டினால் எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் வேண்டும். கூடுதல் பைலட், ஊழியர்களுக்கு ஓட்டல் ரூம் எல்லாம் சேரும். அதை பிசினஸ் வகுப்பும் அடிவயிற்றில் ஏற்றும் சரக்கும்தான் ஈடுகட்ட வேண்டும்.

படி 4: சின்ன விமானத்தின் சூட்சுமம்

வாகைக்குளத்தில் இறக்கைக்குக் கீழே விசிறி சுழலும் ஏடிஆர் விமானத்தைப் பார்த்திருப்பீர்கள். வால்பக்கக் கதவு வழியாக ஏறுவோமே, அதேதான். இண்டிகோவின் ஏடிஆரில் 78 இருக்கை. ஏன் 80 இல்லை? உள்நாட்டுச் சேவையில் 80-க்குக் குறைவான இருக்கை உள்ள விமானத்துக்குத் தரையிறங்கும் கட்டணம் கிடையாது. குறுகிய தூரத்துக்கு ஜெட்டை விட எரிபொருளும் குறைவு. இல்லாவிட்டால் நம் பக்கத்துக்கு இத்தனை சேவை வந்திருக்காது என்பது என் எண்ணம்.

வரியையும் சேருங்கள். விமான எரிபொருள் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. உள்நாட்டுப் பயணத்துக்கு மாநில வாட் வரி உண்டு, வெளிநாட்டுப் பயணத்துக்கு அது இல்லை.

படி 5: டிக்கெட் விலையோடு ஒப்பிடுங்கள்

இப்போது செயலியைத் திறந்து இரண்டு தேதி பாருங்கள்: சாதாரண செவ்வாய்க்கிழமை ஒன்று, பொங்கல் முடிந்து எல்லோரும் சென்னை திரும்பும் ஞாயிறு ஒன்று. விமானம் அதே, செலவும் அதே. நெல்லை எக்ஸ்பிரஸில் வெயிட்டிங் லிஸ்ட் நீள நீள இங்கே விலை ஏறும்.