கார்பெட் சுத்தம் செய்யும் வேலைக்கு எஸ்டிமேட் போடுவது எப்படி? சதுர அடி மட்டும் போதாது

இந்தத் தொழிலில் இறங்கிய புதிதில் நான் எஸ்டிமேட் போட்ட விதம் ரொம்பச் சுலபம். நீளத்தையும் அகலத்தையும் பெருக்குவேன், சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு விலையைப் போட்டுச் சொல்லிவிடுவேன். வேலை வந்துகொண்டே இருந்தது, ஆனால் மாதக் கடைசியில் கையில் எதுவும் நிற்கவில்லை. எங்கே ஓட்டை என்று பிடிபட, ஒவ்வொரு வேலைக்கும் ஆன நேரத்தை ஒரு நோட்டில் குறித்துவைக்க வேண்டியிருந்தது. அதிலிருந்து தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், நேரில் போய்ப் பாருங்கள்

போனில் விலை சொல்லாதீர்கள். ரொம்பக் கேட்டால் “இதிலிருந்து இதற்குள் வரும், பார்த்துவிட்டு உறுதியாகச் சொல்கிறேன்” என்பதோடு நிறுத்துங்கள். அளக்க எனக்கு 5 மீட்டர் ஸ்டீல் டேப்தான் பிடிக்கும். லேசர் மீட்டர் காலி அறையில் அருமையாக வேலை செய்யும். சோபாவும் அலமாரியும் நிறைந்த அறையில் ஒளி ஏதாவது ஒன்றில் பட்டுத் திரும்பிவிடும். மீட்டரில் அளப்பவர்கள் ஒரு சதுர மீட்டர் 10.76 சதுர அடி என்று வைத்துக்கொள்ளலாம். மாடிப்படியை சதுர அடியில் சேர்க்காதீர்கள். அதை ஒரு படிக்கு இவ்வளவு என்று தனியாகப் போடுவதுதான் சரி, ஏனென்றால் அங்கே கைக்கருவியோடு குனிந்துதான் வேலை செய்ய வேண்டும்.

அப்புறம், நூல் என்னவென்று பாருங்கள்

வெளியே தெரியாத ஓரத்திலிருந்து, வாடிக்கையாளரைக் கேட்டுவிட்டு, ஒரு நூலை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் முடி கருகும் வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியாகிவிடும். நைலானும் பாலியெஸ்டரும் உருகிக் கெட்டியான மணிபோல உறையும். விஸ்கோஸ், அதாவது மரக்கூழிலிருந்து செய்யும் பட்டுபோன்ற நூல், காகிதம்போல எரியும். விஸ்கோஸ் நனைந்தால் வலுவிழக்கும், மஞ்சளடிக்கவும் செய்யும். அதனால் நைலானுக்குப் போடும் விலையில் அதைத் தொடாதீர்கள். பழக்கம் வரும்வரை அந்த வேலையை ஏற்காமல் இருப்பதே நல்லது.

சாயம் போகுமா என்றும் பாருங்கள். நீங்கள் பயன்படுத்தும் சுத்தம் செய்யும் கரைசலில் வெள்ளைத் துணியை நனைத்து, ஓரத்தில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். ஒரு வீட்டில் கருஞ்சிவப்பு விரிப்பொன்றில் அப்படி அழுத்திய துணியைத் திருப்பிப் பார்த்தபோது, விரல் வைத்த இடமெல்லாம் இளஞ்சிவப்பாக இருந்தது. சோதிக்காமல் மெஷினை ஓட்டியிருந்தால் பக்கத்திலிருந்த வெள்ளைப் பூ வேலைப்பாடு முழுக்கச் சாயம் ஏறியிருக்கும்.

கறைகளை அங்கேயே போட்டோ எடுத்துவிடுங்கள். பிளீச் பட்டு வெளுத்த இடம் கறையே இல்லை, அங்கே சாயம் போய்விட்டது. எவ்வளவு சுத்தம் செய்தாலும் அது திரும்பாது என்பதை எஸ்டிமேட்டிலேயே எழுதிவிடுங்கள். வளர்ப்பு விலங்கின் சிறுநீர் கார்பெட்டுக்குக் கீழே போட்டிருக்கும் அடிவிரிப்புவரை இறங்கியிருக்கும், அதை எஸ்டிமேட்டில் தனியாக எழுதித் தனி விலை போடுங்கள்.

நான் சறுக்கியது இங்கேதான்: நேரம்

இதை நிதானமாகப் படியுங்கள். எந்த வேலைக்குப் போனாலும் மெஷினை இறக்க வேண்டும், குழாயை விரிக்க வேண்டும், தண்ணீர் நிரப்ப வேண்டும், முடிந்ததும் அழுக்குத் தண்ணீரைக் கொட்டிவிட்டு எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். என் நோட்டில் இதற்கு மட்டும் சராசரியாக 50 நிமிடம் ஆகியிருந்தது. அறை பெரிதானாலும் சிறிதானாலும் அந்த 50 நிமிடம் மாறாது. வேக்யூம் போடுவது, கரைசல் தெளிப்பது, வெந்நீரைப் பாய்ச்சி உறிஞ்சுவது எல்லாம் சேர்த்து 100 சதுர அடிக்கு 15 நிமிடம்.

இப்போது கணக்குப் பாருங்கள். 600 சதுர அடி ஹாலுக்கு 90-உம் 50-உம் சேர்த்து 140 நிமிடம். 120 சதுர அடி அறைக்கு 18-உம் 50-உம் சேர்த்து 68 நிமிடம். பரப்பு ஐந்தில் ஒரு பங்கு, நேரமோ கிட்டத்தட்டப் பாதி. ஹாலை வைத்து முடிவு செய்த சதுர அடி விலையைச் சின்ன அறைக்கும் போட்டால், 28 நிமிடத்துக்கான காசுதான் வரும். மிச்சம் 40 நிமிடம் சும்மா உழைத்ததாகிவிடும். நான் மாதக்கணக்கில் அப்படித்தான் உழைத்திருக்கிறேன். அதனால்தான் குறைந்தபட்சக் கட்டணம் ஒன்று கட்டாயம் வேண்டும் என்கிறேன். உங்கள் வேகம் வேறாக இருக்கும், பத்து வேலைக்காவது நீங்களே நேரம் குறித்துப் பாருங்கள். பயண நேரத்தையும், மேசை நாற்காலியை நகர்த்தும் நேரத்தையும் மறக்காதீர்கள்.

செலவும் லாபமும்

உங்கள் கூலி, உதவியாளர் கூலி, கரைசல், எரிபொருள், மெஷின் தேய்மானம் எல்லாவற்றையும் ஒரு நாளுக்குக் கூட்டுங்கள். எட்டு மணி நேரத்தால் வகுக்காதீர்கள். வேலைக்காகக் காசு வாங்கும் நேரம் ஐந்து மணிதான் என்றால், ஐந்தால் வகுங்கள். அதுதான் ஒரு மணி நேரச் செலவு.

லாபம் சேர்க்கும்போது பலர் தவறுகிறார்கள். செலவு 100 என்றால் 30 சேர்த்து 130 வாங்கிவிட்டு, முப்பது சதவீத லாபம் என்று நினைக்கிறார்கள். வாங்கும் விலையில் அது 23 சதவீதம்தான். விலையில் முப்பது சதவீதம் நிற்க வேண்டுமென்றால் 100-ஐ 0.7-ஆல் வகுக்க வேண்டும், கிட்டத்தட்ட 143 வரும். பேரம் பேசும்போதும் இது உதவும். 130-இல் பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் 117, அதாவது 30-ஆக இருந்த லாபம் 17 ஆகிவிடுகிறது.

இதற்கெல்லாம் தனி ஆப் எதுவும் வேண்டாம், ஒரு கூகுள் ஷீட் தாராளம். ஃபார்முலாவை நாமே எழுதினால்தான் எந்த எண் எங்கிருந்து வருகிறது என்று புரியும்.

எழுதிக் கொடுப்பது

அறைவாரியாக அளவு, செய்யப்போகும் வேலை, சேராத வேலை, போகாது என்று நினைக்கும் கறைகள், காய எடுக்கும் நேரம், விலை எத்தனை நாள் செல்லும் என்பது, இவ்வளவும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். மதிப்பீடா உறுதி விலையா என்று தலைப்பிலேயே தெளிவாகப் போடுங்கள்.

பிற்சேர்க்கை: தரையோடு ஒட்டாத தனி விரிப்புகளுக்கு எப்படி அளப்பது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கையால் நெய்த விரிப்பின் இரு முனைகளும் ஒரே அகலத்தில் இருப்பது அபூர்வம். இரண்டு முனையையும் அளந்து, பெரிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள். குஞ்சம் இருந்தால் அதைக் கையால்தான் சுத்தம் செய்ய வேண்டும், அதற்குத் தனியாக நேரம் போடுங்கள்.