ஸ்கானில் கருப்பைக்குள் சவ்வு தெரிந்தால்: இனங்காணும் முறை

மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ இருந்து பஸ் ஏறி ஸ்கானுக்கு வரும் தாயிடம், பிள்ளையைச் சுற்றியுள்ள பன்னீருக்குள் ஒரு வெள்ளைக் கோட்டைக் கண்டவுடன் "நாடா மாதிரி ஏதோ இருக்கு" என்று சொல்லிவிடாதீர்கள். பிள்ளை பிறக்கும்வரை அந்தப் பயம் அவரை விடாது. பெரும்பாலான கோடுகள் பிள்ளையைத் தொடுவதேயில்லை.

முதலில் கிழமையைப் பாருங்கள். பிள்ளையைச் சுற்றியுள்ள உட்சவ்வான அமினியனும் வெளிச்சவ்வான கோரியனும் 14 முதல் 16 கிழமைக்குள்தான் ஒட்டும். அதற்கு முன் பிள்ளையைச் சுற்றி மெல்லிய சவ்வு மிதப்பது இயல்பு.

அடுத்து கெயினை, அதாவது படத்தின் வெளிச்சத்தை, குறைத்துப் பாருங்கள். போலிக் கோடு மறையும். மறையாவிட்டால் வயிற்றில் வைக்கும் புரோபை 90 பாகை திருப்பி, கோட்டின் இரண்டு முனையும் எங்கே முடிகின்றன என்று கண்டுபிடியுங்கள். புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்: ஒரு தளத்தில் மட்டும் பார்த்தால் தகடும் நூல்போலத் தெரியும்.

அடி தடித்து, கருப்பைச் சுவரில் தொடங்கி, எதிலும் ஒட்டாத சுயாதீன விளிம்பில் முடிந்தால் அது அமினியன் மடிப்பு. உள்ளே பழைய தழும்பு இருக்கும், அதன் மேல் சவ்வுகள் போர்த்திருக்கும். "முந்தி கரு கலைஞ்சு கழுவினவையோ அம்மா?" என்று தனியாக, மெதுவாகக் கேளுங்கள். கருப்பையின் மேற்பகுதியிலிருந்து தடித்து இறங்கினால் பிறவிப் பிரிசுவரை நினையுங்கள். சூல்வித்தகத்தின் (நச்சுக்கொடியின்) இரு ஓரங்களையும் தொட்டு நிற்கும் தட்டு, மடிந்த விளிம்புள்ள சூல்வித்தகமாக இருக்கலாம்.

பிறகு அவசரப்படாமல் பிள்ளை அசைவதைப் பாருங்கள். அசையாவிட்டால் தாயை இடப்பக்கம் சரித்துவிட்டுக் காத்திருங்கள். கையும் காலும் கோட்டைத் தாண்டி விலகினால் நல்லது. பிள்ளையின் உறுப்பைச் சுற்றி இறுக்கும் உண்மையான அமினியன் நாடா மயிர்போல மெல்லியது, பல வேளைகளில் கண்ணுக்கே படாது. இறுகிய விரல், வீங்கிய பாதம், ஓரிடத்தில் சிக்கிய கை ஆகியவைதான் அதைக் காட்டிக்கொடுக்கும். இவற்றில் ஒன்றைக் கண்டால் அன்றே மகப்பேற்று நிபுணரிடம் அனுப்புங்கள்.

இரட்டைப் பிள்ளைகளென்றால், நடுச்சவ்வு சூல்வித்தகத்தைத் தொடும் இடத்தை 11 முதல் 14 கிழமைக்குள் பார்த்தாக வேண்டும். அங்கே முக்கோணமாகத் தடித்திருந்தால் கோரியன் இரண்டு. மெல்லியதாய், நேர்குத்தாய்ச் சேர்ந்தால் கோரியன் ஒன்று; 16 கிழமையிலிருந்து இரண்டு கிழமைக்கொருமுறை ஸ்கான் தேவை. பிந்தினால் முக்கோணம் தேய்ந்துவிடும்.

அடுத்த ஸ்கானை வேறொரு வைத்தியர், வேறொரு ஆஸ்பத்திரியில் செய்யக்கூடும். ஆகவே கர்ப்பிணி அட்டையில் "சவ்வு உள்ளது" என்று மட்டும் எழுத வேண்டாம். கிழமை, இரு முனைகள், அடித்தடிப்பு, பிள்ளையின் அசைவு நான்கையும் எழுதி, படத்தையும் ஒட்டுங்கள்.