ஆழ்கடலிலும் துருவக் கடலிலும் நுண்ணுயிர் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலடிச் சேற்றில் உயிர் எவ்வளவு ஆழம் வரை இருக்கிறது? 1955இல் ரிச்சர்ட் மொரிட்டா, கிளாட் சோபெல் என்ற இரு அமெரிக்க நுண்ணுயிரியலாளர்கள் இதற்கு ஓர் எண்ணையே விடையாகச் சொன்னார்கள்: 7.47 மீட்டர். பசிபிக் தரையிலிருந்து எடுத்த சேற்றை ஊடகத்தில், அதாவது நுண்ணுயிரை வளர்க்கும் சத்துக் கலவையில், இட்டு வளர்த்துப் பார்த்தார்கள். அந்த ஆழத்துக்குக் கீழே இருந்த சேற்றில் எதுவும் முளைக்கவில்லை. இரண்டு தசம இடம் வரை துல்லியம், ஆனால் விடை தவறு. 1994இல் ஜான் பார்க்ஸும் குழுவினரும் 500 மீட்டருக்கும் கீழே பாக்டீரியா இருப்பதைக் காட்டினார்கள். 2012இல் ஜப்பானின் ஷிமோகிதா தீபகற்பத்துக்கு அப்பால் சிக்யூ கப்பல் துளையிட்டபோது, கடல்தரைக்குக் கீழே ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டரிலும் செல்கள் கிடைத்தன.

சோபெல் விவரம் அறியாதவர் இல்லை, ஆழ்கடல் நுண்ணுயிரியலுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். அவரையே ஏமாற்றியது சேறு இல்லை, ஊடகம். இந்தத் துறையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாதி இப்படித்தான், உயிர் வாழும் இடத்துக்கும் நாம் அதை அளக்கும் மேசைக்கும் இடைப்பட்ட வழியில் நடக்கிறது. கப்பல் ஏறுவதற்கு முன்பே புதிதாக வருகிறவர்கள் இதைப் புரிந்துகொண்டால் பல வருட உழைப்பு மிஞ்சும்.

முளைக்கவில்லை என்றால் இல்லை என்று எழுதுவது

கடல்நீரை நுண்ணோக்கியில் எண்ணினால் ஒரு மில்லிலிட்டரில் லட்சக்கணக்கான செல்கள் தெரியும். அதே நீரை அகார் தட்டில், அதாவது சத்து கலந்த கூழ் பரப்பிய தட்டில், பரப்பினால் பெரும்பாலும் நூற்றில் ஒன்றுகூட வளராது. காரணங்களில் ஒன்று நம் தாராள மனசு. கடலில் சத்து மிகக் குறைவு. நாமோ தட்டில் புரதமும் சர்க்கரையும் கொட்டி வைக்கிறோம். சார்11 என்ற பாக்டீரியாக் கூட்டம் உலகக் கடல்களில் மிக அதிகமாக இருப்பவற்றில் ஒன்று. 1990இல் மரபணு வரிசை மூலம் தெரியவந்த அதை ஆய்வகத்தில் வளர்க்க 2002 வரை ஆனது. அப்போதும் கைகொடுத்தது புதுமையான சத்துக் கலவை எதுவும் இல்லை. வடிகட்டிச் சுத்தம் செய்த கடல்நீரிலேயே, சில செல்கள் மட்டும் மிஞ்சும் அளவுக்கு நீர்த்து வளர்த்தார்கள்.

இன்னொரு காரணம் பொறுமையின்மை. பூஜ்யத்துக்குக் கீழே வளரும் உயிர்கள் மெதுவானவை. இரண்டு வாரம் பார்த்துவிட்டுத் தட்டைக் குப்பையில் போடுகிறவர்களுக்கு அவை ஒருபோதும் கிடைக்கப் போவதில்லை.

குளிரை அலட்சியப்படுத்துவது

மொரிட்டா 1975இல் குளிர்விரும்பிகளுக்குக் கொடுத்த வரையறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 15 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே நன்றாக வளரும், 20 டிகிரிக்கு மேல் வளராது, பூஜ்யத்திலும் அதற்குக் கீழும் வளரும். அப்படியானால் நமக்கு இதமாக இருக்கும் ஆய்வக அறையே அவற்றுக்கு ஆபத்தான இடம். மாதிரியை ஐஸில் கவனமாக வைத்திருந்துவிட்டு, அறை வெப்பத்தில் கிடந்த பைப்பெட் முனையையும் ஊடகத்தையும் எடுத்துப் பயன்படுத்துவது அடிக்கடி நடக்கிறது. உருகிய அகாரில் மாதிரியைக் கலந்து ஊற்றும் முறை இன்னும் மோசம். அகார் 45 டிகிரி அளவில் இருக்கும்போது கலந்தால், தேடி வந்த உயிரை நாமே அவித்துவிடுகிறோம். முன்பே குளிரவைத்த தட்டில் மேலாகப் பரப்புவதுதான் வழி.

வெப்பமண்டலக் கடலில் இந்தச் சிக்கல் கப்பலிலேயே தொடங்கிவிடும். நாலாயிரம் மீட்டர் ஆழத்தில் நீர் 2 டிகிரி, மேற்பரப்பில் 28 டிகிரி. மாதிரிக் கருவி கடைசி நூறு, இருநூறு மீட்டரை அந்த வெந்நீருக்குள்தான் கடந்து வருகிறது. வெப்பம் கடத்தாத உறை இல்லாத கருவியில் வந்த சேற்றை எடுத்துக்கொண்டு, ‘ஆழ்கடல் உயிர் அழுத்தம் குறைந்ததால் செத்தது’ என்று எழுதியவர்கள் உண்டு. கொன்றது சூடாகவும் இருந்திருக்கலாம்.

அழுத்தத்தைப் பற்றிய இரண்டு எதிரெதிர் தவறுகள்

ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. நாலாயிரம் மீட்டரில் அது நானூறு மடங்கு. கேட்டவுடன், உயிர் நசுங்கிப் போகாதா என்று தோன்றும். பாக்டீரியா செல்லுக்குள் இருப்பது நீர். காற்றுப் பை இல்லாததால் நசுங்க எதுவும் இல்லை. அழுத்தம் வேறு விதமாக வேலை செய்கிறது: செல் சவ்வின் கொழுப்பு இறுகுகிறது, புரதங்கள் மடங்குவதும் ஒன்றோடொன்று சேர்வதும் தடுமாறுகின்றன. உயர் அழுத்தத்தில் நன்றாக வளரும் அழுத்தவிரும்பிகள் இளகிய கொழுப்பைச் சவ்வில் வைத்து இதைச் சமாளிக்கின்றன.

1968 அக்டோபரில் ஆல்வின் என்ற அமெரிக்க ஆய்வு நீர்மூழ்கி, இறக்கும் கம்பி அறுந்து, ஏறத்தாழ 1,500 மீட்டர் ஆழத்தில் போய்க் கிடந்தது. உள்ளே இருந்தவர்கள் தப்பிவிட்டார்கள், அவர்களுடைய சாப்பாடு தப்பவில்லை. அடுத்த வருடம் மேலே தூக்கியபோது சாண்ட்விச்சும் ஆப்பிளும் ஊறியிருந்தனவே தவிர கெட்டுப்போகவில்லை. அதே உணவைக் குளிர்பெட்டியில் வைத்தபோது சில வாரங்களில் கெட்டது. அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தில் இருந்த நுண்ணுயிரியலாளர் ஹோல்கர் யானாஷ் இதைப் பிடித்துக்கொண்டு, ஆழத்தில் நுண்ணுயிர்ச் செயல்பாடு மிக மெதுவானது என்று 1971இல் எழுதினார். பிறகு கடலடியிலேயே சோதனைகளை நடத்தவும் செய்தார்.

சாப்பாட்டில் ஒட்டிக்கொண்டு போனவை பெரும்பாலும் மேலுலகத்து உயிர்கள். அவை அழுத்தத்தில் சோர்ந்து போனதை வைத்து, அங்கேயே பிறந்து வளர்ந்தவையும் சோர்ந்துதான் கிடக்கும் என்று சொல்லிவிட முடியாது. அரிஸ்டிடிஸ் யாயானோஸ் 1979இல் அழுத்தத்தில் நன்றாக வளரும் பாக்டீரியாவைத் தனிமைப்படுத்தினார். 1981இல் மரியானா அகழியில் 10,476 மீட்டரிலிருந்து வந்த இறால் போன்ற சிற்றுயிர் ஒன்றிலிருந்து எம்டி41 என்ற பாக்டீரியா கிடைத்தது. அதற்கு உயர் அழுத்தம் இல்லாமல் வளர்ச்சியே கிடையாது.

இப்படிப் படித்து வருகிறவர்கள் அடுத்த தவறுக்குப் போகிறார்கள்: அழுத்தத்தை இழந்த மாதிரியில் எல்லாம் செத்துவிடும், ஆகவே கப்பல் தளத்தில் அளந்த செயல்பாடு உண்மையை விடக் குறைவாகத்தான் இருக்கும் என்று. 2022இல் வெளியான ஓர் ஆய்வு கடலின் ஆழத்திலேயே அளந்து பார்த்தது. கீழே நடக்கும் செயல்பாடு, அதே உயிர்க்கூட்டத்தை மேலே கொண்டுவந்து அளந்தால் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆழ்நீரில் இருப்பவற்றில் உண்மையான அழுத்தவிரும்பிகள் சிறு பங்கே. மீதியில் பல அழுத்தத்தைப் பொறுத்துக்கொள்கின்றன, சில அதனால் அடங்கிக் கிடக்கின்றன. அழுத்தம் விலகியதும் அடங்கிக் கிடந்தவை துள்ளி எழுகின்றன. ஆகவே எந்தப் பக்கம் பிழை என்று முன்கூட்டியே முடிவு செய்யக் கூடாது. அழுத்தத்தைக் காக்கும் கருவி விலை கூடியது, எல்லோருக்கும் கிடைக்காது. அது இல்லாதபோது மாதிரியின் ஒரு பகுதியையாவது உடனே அழுத்தக் கலனில் ஏற்றி, மற்றொரு பகுதியை வளிமண்டல அழுத்தத்தில் விட்டு, இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்லலாம். ஒன்றை மட்டும் அளந்துவிட்டு ‘ஆழ்கடலின் வேகம் இது’ என்பது எனக்கு ஏற்புடையது இல்லை.

கடல்பனியை வாளியில் போட்டு உருக்குவது

துருவ ஆய்வில் நான் முதலில் சரிபார்க்கும் விஷயம் இது. கடல்நீர் உறையும்போது பனிப்படிகம் உப்பை வெளியே தள்ளுகிறது. அந்த உப்பு நீர் மெல்லிய கால்வாய்களாகப் பனிக்குள் தங்குகிறது. பாக்டீரியா வாழ்வது அங்கேதான். குளிர் கூடக் கூட அந்த நீரின் உப்பும் ஏறும். மைனஸ் 20 டிகிரியில் ஆயிரத்துக்கு 200ஐத் தாண்டிவிடும். சாதாரணக் கடல்நீரில் அது 35. ஜோடி டெமிங்கும் சக ஆய்வாளர்களும் ஆர்க்டிக்கின் குளிர்காலப் பனியில், மைனஸ் 20 டிகிரியிலும் பாக்டீரியா செயல்படுவதற்கான சான்றை 2004இல் வெளியிட்டார்கள்.

இப்போது அந்தப் பனியில் துளையிட்டு உருளையாக எடுத்த பனித்தண்டை வெறும் வாளியில் போட்டு உருக்குங்கள். கிடைக்கும் நீரில் உப்பு ஆயிரத்துக்குப் பத்துகூட இருக்காது. கடல்நீரைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்கு உப்பில் இருந்த செல் சட்டென்று ஏறக்குறைய நன்னீரில் விழுகிறது. நீர் உள்ளே பாய்ந்து பல செல்கள் வெடித்துவிடும். வடிகட்டிய கடல்நீரையோ அளந்து கரைத்த உப்புநீரையோ சேர்த்து, குளிரிலும் இருட்டிலும் மெதுவாக உருக்க வேண்டும்.

அதோடு முடியவில்லை. கடல்நீர் சேர்த்து உருக்கிய பனியில் நைட்ரேட்டை அளந்தால், சேர்த்த நீரின் நைட்ரேட்டும் கணக்கில் வரும். ஆகவே ஒரே தண்டை எல்லா அளவீட்டுக்கும் பயன்படுத்தக் கூடாது. பக்கத்தில் பக்கத்தில் பல தண்டுகள் எடுத்து, ஒன்று வெப்பநிலைக்கு, ஒன்று உப்புக்கும் வேதிப் பொருள்களுக்கும், ஒன்று உயிருக்கு என்று பிரிக்க வேண்டும். வெப்பநிலையைத் தண்டு வெளியே வந்தவுடன் துளையிட்டு அளக்க வேண்டும், தாமதித்தால் அது காற்றின் வெப்பநிலை. தண்டைத் தூக்கும்போதே அடிப்பகுதியின் உப்புநீர் ஒழுகிவிடும் என்பதையும் குறிப்பில் எழுதி வையுங்கள். அந்தக் கடைசி சில சென்டிமீட்டரில்தான் பெரும்பாலும் உயிர் செறிந்திருக்கிறது.

நம்மோடு வந்ததைக் கண்டுபிடிப்பு என்று நம்புவது

செல்கள் குறைவாக உள்ள இடத்தில், ஒட்டிக்கொண்டு வந்தவையே பெரும்பான்மை ஆகிவிடும். அண்டார்க்டிகாவில் பனிக்கு அடியில் மறைந்திருக்கும் வோஸ்டாக் ஏரிக்கு மேலே உறைந்த பனியில் நுண்ணுயிர் இருப்பதாக 1999இல் செய்தி வந்தது. ஆனால் அந்தத் துளை மண்ணெண்ணெய் கலந்த திரவத்தால் நிரப்பப்பட்டிருந்தது. எது ஏரியுடையது, எது திரவத்துடையது என்ற சண்டை பல வருடம் நீண்டது. 2013 ஜனவரியில் அதே கண்டத்தில் பனிக்கடியில் உள்ள வில்லன்ஸ் ஏரியைத் துளைத்தவர்கள் அந்தப் பாடத்தோடு போனார்கள். வடிகட்டி, புறஊதா ஒளி காட்டிச் சுத்தம் செய்த வெந்நீரால் ஏறத்தாழ 800 மீட்டர் பனியைத் துளைத்தார்கள், கருவிகளைப் பெராக்சைடால் துடைத்தார்கள், துளைக்கும் நீரையே மாதிரியாக எடுத்துச் சோதித்தார்கள். ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 1,30,000 செல்கள் என்ற அவர்களுடைய எண்ணிக்கையை மறுக்க முடியாததற்குக் காரணம் இந்த ஏற்பாடுதான்.

டிஎன்ஏ பிரிக்கும் கிட்டிலேயே பாக்டீரியா டிஎன்ஏ இருக்கும். மாதிரி இல்லாமல் வெறும் கரைசலை எல்லாப் படியிலும் ஓட்டி, அதன் வரிசையையும் படிக்க வேண்டும். பணம் மிச்சம் என்று இதை விடுகிறவர்களின் ‘ஆழ்கடல் இனங்கள்’ பட்டியலில் மனிதத் தோலின் பாக்டீரியா வந்து உட்கார்ந்துகொள்ளும். மேலும், டிஎன்ஏ கிடைத்ததாலேயே அது உயிரோடு இருக்கிறது என்றாகாது. மேலிருந்து துகள்களோடு மூழ்கிய செத்த செல்லும் வரிசை கொடுக்கும்.

1983இல் ஜான் பராஸும் டெமிங்கும், கடலடியில் கரும்புகை போல வெந்நீர் கக்கும் கரும்புகை ஊற்றிலிருந்து வந்த பாக்டீரியா 250 டிகிரியில் வளர்வதாக நேச்சர் இதழில் எழுதினார்கள். மறு வருடமே யாயானோஸ் உள்ளிட்ட மூவர், அந்த நிலைமையில் ஊடகமே செல் போன்ற தோற்றங்களைத் தரக்கூடும் என்று அதே இதழில் மறுத்தார்கள். இன்று ஏற்கப்பட்ட உச்சம் 122 டிகிரி, 2008இல் ஜப்பானியக் குழு ஒன்று காட்டியது. டெமிங்கின் பணி அந்த மறுப்போடு நின்றுவிடவில்லை. 2003இல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாதமிக்குத் தேர்வானார். பிழையான முடிவு பகிரங்கமாகச் சோதிக்கப்படுவது இந்தத் துறையில் அவமானம் இல்லை.

வாழ்க்கைப் பாதையில்

கப்பலையும் பனியையும் பார்த்துத்தான் பலர் வருகிறார்கள். கடலில் கழியும் வாரங்கள் கொஞ்சம், ஆய்வகத்திலும் கணினி முன்னும் கழியும் வருடங்கள் அதிகம். ஒரே பயணத்தின் மாதிரியை மட்டும் நம்பி முனைவர் பட்டத் திட்டத்தை வகுப்பது அபாயம். புயல் வந்தால் மாதிரி எடுக்கும் நிலையங்கள் ரத்தாகும், கருவி கடலோடு போகும். எந்த நிலையத்தை முதலில் விட்டுக்கொடுப்பது என்று கிளம்பும் முன்பே தீர்மானித்து வையுங்கள். மாதிரிகளை இரண்டாகப் பிரித்து இரண்டு ஃப்ரீசரில் வையுங்கள். மைனஸ் 80 டிகிரியில் சாதாரண ஸ்டிக்கர் உரிந்துவிடும், பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.

உயிரியல் மட்டும் படித்தால் போதும் என்ற நினைப்பும் தவறு. 1977இல் கலாபகோஸ் அருகே வெந்நீர் ஊற்றையும் அதைச் சுற்றிய உயிர்க்கூட்டத்தையும் கண்ட குழுவில் உயிரியலாளர் ஒருவர்கூட இல்லை. நிலவியலாளர்களும் வேதியியலாளர்களும்தான் இருந்தார்கள். கப்பலில் நீங்களும் அவர்களோடுதான் இடத்தைப் பகிர வேண்டும். கதிரியக்கக் கார்பனைக் கொண்டு செயல்பாட்டை அளப்பவர் அதற்கென ஒதுக்கிய தனி அறையை விட்டு ஒரு கையுறையோடு வெளியே வந்தாலே, இயற்கையில் உள்ள மிகச் சிறு அளவு கதிரியக்கக் கார்பனை அளக்கும் பக்கத்து அறைக்காரரின் மாதிரிகள் பாழாகும். அந்தக் கறையைக் கப்பலிலிருந்து நீக்குவது பெரும்பாடு.

காகித வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். அண்டார்க்டிகாவில் மாதிரி எடுக்க, 1998 முதல் நடைமுறையில் இருக்கும் சுற்றுச்சூழல் நெறிமுறைப்படி அனுமதி வேண்டும். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆழ்கடலுக்கும், 2023இல் ஏற்கப்பட்ட உயிர்வளப் பன்மை உடன்படிக்கை 2026 ஜனவரியில் அமலுக்கு வந்துவிட்டது. புதிய இனத்துக்கு முறையாகப் பெயரிட வேண்டுமானால், அதன் உயிருள்ள வளர்ப்பை இரண்டு வெவ்வேறு நாடுகளின் சேகரிப்பு மையங்களில் ஒப்படைக்க வேண்டும். நானூறு வளிமண்டல அழுத்தத்தில் மட்டுமே வளரும் ஒன்றை ஏற்று, வளர்த்துச் சரிபார்க்கக்கூடிய மையங்கள் அதிகம் இல்லை. கட்டுரையை எழுதத் தொடங்கும் முன் அவர்களுக்குக் கடிதம் போடுங்கள்.