பிரேக் கீச்சிடுகிறதா? பேடை மாற்றும் முன் அது உட்காரும் இடத்தைப் பாருங்கள்

பிரேக் கீச்சென்று கத்தினால் உடனே புது பேட் (பிரேக் மிதித்தால் உராய்ந்து நிறுத்தும் கட்டை) வாங்கிப் போட்டுவிடுகிறோம். இரண்டு வாரம் அமைதியாக இருக்கும். பிறகு பினாங்குப் பாலத்தில் ஏறும் மாலை நெரிசலில் கார் ஊர்ந்து ஊர்ந்து நிற்கும்போது மறுபடியும் அதே கீச்சு. பேட் மேல் குற்றமில்லை. அது உட்காரும் இடம் துருவும் தூசியுமாகக் கிடக்கிறது. புதுப் பேடும் அங்கேதான் போய் உட்கார்ந்தது.

கீச்சு என்பது அதிர்வு. பேட், சக்கரத்தோடு சுழலும் வட்டத் தகடான டிஸ்க்கைப் பிடிக்கிறது, வழுக்குகிறது, மறுபடி பிடிக்கிறது. இது நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை நடக்கும்போது நம் காதுக்குக் கீச்சாகக் கேட்கிறது. கரும்பலகையில் சாக்குக்கட்டி கிறீச்சிடுவதும் இதே கதைதான். அதை இரண்டாக உடைத்து எழுதினால் சத்தம் நின்றுவிடுவதைப் பள்ளியில் பார்த்திருப்பீர்கள். பிரேக்கில் நாம் செய்யப்போவதும் ஏறக்குறைய அதுதான்: அதிர்வு கிளம்ப வழியில்லாமல் செய்வது.

இங்கே சொல்வது முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் (கிண்ண வடிவ பிரேக்) உள்ள மைவி, ஆக்சியா, சாகா போன்ற கார்களுக்கு. மற்ற கார்களுக்கும் கொள்கை ஒன்றே, போல்ட் அளவுதான் மாறும்.

முதலில் காது, பிறகு ஸ்பேனர்

இரவு மழையில் நின்ற கார் காலையில் முதல் நாலைந்து பிரேக்குக்கு மட்டும் சத்தம் போட்டால் விட்டுவிடுங்கள். டிஸ்க் வார்ப்பிரும்பு, ஒரே இரவில் மேலே மெல்லிய துரு படியும், பேட் அதைத் துடைத்துவிடும். தஞ்சோங் பூங்கா மாதிரி கடலோரத்தில் நிறுத்துகிறவர்களுக்கு இது தினசரி வழக்கம்.

பிரேக்கில் கால் வைக்காமலே கீச்சிட்டு, மிதித்தால் நின்றுவிடுகிறது என்றால் பெரும்பாலும் தேய்மானக் காட்டி. பேடின் ஓரத்தில் இருக்கும் சின்ன எஃகு நாக்கு அது. பேட் 2, 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் டிஸ்க்கை உரசும்படி வைத்திருக்கிறார்கள். மாற்றியே ஆகவேண்டும். டிஸ்க்குக்கும் அதன் பின்னாலுள்ள தகட்டுக்கும் நடுவே சிறு கல் சிக்கினாலும் இதே மாதிரி கத்தும். சக்கரத்தைக் கழற்றியதும் அங்கே ஒரு பார்வை பாருங்கள்.

மெதுவாக மிதித்தால் கீச்சு, அழுத்தி மிதித்தால் இல்லை: இந்தக் கட்டுரை முழுக்க இந்த ரகத்துக்குத்தான்.

கீச்சு இல்லை, கரகரவென்று இரும்பு அரைகிற சத்தம் வருகிறது என்றால் ஓட்டாதீர்கள். பேட் முழுக்கத் தீர்ந்து அதன் இரும்புப் பின்தகடு டிஸ்க்கைத் தின்றுகொண்டிருக்கும்.

எந்தச் சக்கரம் என்று தெரியவில்லையா? ஃபிளாட் கார் நிறுத்துமிடத்தில் சுவரை ஒட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டு, மெதுவாக ஓட்டி லேசாக மிதியுங்கள். சுவர் சத்தத்தைத் திருப்பித் தரும். பிறகு திரும்பி வந்து மறுபக்கத்தைச் சுவரை ஒட்டி வைத்துப் பாருங்கள். பத்து கிலோமீட்டர் ஓடிய பிறகு இடது, வலது சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுவதும் நல்ல சோதனை. டிஸ்க்கைத் தொடவேண்டாம், தோல் ஒட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் அனலாக அடித்தால் அங்கே ஏதோ இறுகியிருக்கிறது.

சாமான்கள்

ஜாக் ஸ்டாண்ட் இரண்டு. டிக்கியில் வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டும்தான். அதை நம்பிக் காருக்கு அடியில் கை விடாதீர்கள். வெயில் நேரத்தில் தார் இளகி ஸ்டாண்டின் கால் அமுங்கும், கீழே தடிமனான பலகை வையுங்கள். சக்கர நட்டுக்குப் பெரோடுவாவில் 21 மி.மீ., ஹோண்டாவில் 19 மி.மீ. சாக்கெட். பேட்களை டிஸ்க்கில் அழுத்தும் கவ்விதான் கேலிப்பர்; அதன் போல்ட் பொதுவாக 12 அல்லது 14 மி.மீ. அறுகோண சாக்கெட்டே வாங்குங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட்டும் வாய் அகலம் மாற்றும் ஸ்பேனரும் துருப்பிடித்த போல்ட்டின் தலையை உருட்டிவிடும்.

பித்தளைக் கம்பி பிரஷ், தட்டையான அரம், 120 எண் உப்புத்தாள், ஜி-கிளாம்ப் (திருகி இறுக்கும் கவ்வி), பிரேக் கிளீனர் ஒரு டின். கிரீஸ் இரண்டு வகை: ஸ்லைடு பின்னுக்கு (கேலிப்பர் வழுக்கி நகர உதவும் உருளைக் கம்பி) சிலிகோன் கிரீஸ், பேட் பின்புறத்துக்கும் அதன் இரு முனைகளில் நீண்டிருக்கும் காதுகளுக்கும் சூடு தாங்கும் செராமிக் பிரேக் கிரீஸ். சக்கரத் தாங்கிக்கு வாங்கிய சாதாரண கிரீஸைப் பின்னில் தடவினால் ரப்பர் உறை ஊதிப்போய் ஸ்லைடு பின் இறுகிவிடும். கீச்சு நிற்கட்டும் என்று டிஸ்க்கில் டபிள்யூடி-40 எண்ணெய் அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். கீச்சு நிற்கும். கார்தான் நிற்காது.

கழற்றுவது

ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, நட்டுகளைத் தரையிலேயே சற்றுத் தளர்த்தி, பிறகு தூக்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பிரியுங்கள்; எது எங்கே இருந்தது என்று குழம்பினால் மறுபக்கத்தைப் பார்க்கலாம். போனில் நாலு படம் எடுத்து வைப்பது அதைவிட நல்லது, முக்கியமாகத் தேய்மானக் காட்டி எந்தப் பேடில் எந்த முனையில் இருந்தது என்று.

கேலிப்பர் போல்ட் இரண்டையும் கழற்றி, கேலிப்பரை ஒரு கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது. தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். மலிவுப் பேடில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கிளீனரால் நனைத்து, கீழே தட்டு வைத்துப் பிடியுங்கள்.

பேட்களைக் கையில் எடுத்துப் படியுங்கள், அவை பேசும். உள்பக்கப் பேட் மட்டும் மெலிந்திருந்தால் ஸ்லைடு பின்னோ பிஸ்டனோ (கேலிப்பருக்குள்ளிருந்து பேடைத் தள்ளும் உருளை) இறுகியிருக்கலாம். ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்திருந்தாலும் பின்னையோ பேட் காதையோ சந்தேகப்படுங்கள். முகம் கண்ணாடி போல மினுமினுத்தால் சூட்டில் பளபளப்பேறியிருக்கிறது. துன் சார்டோன் சாலையில் பாலிக் பூலாவ் பக்கமாக இறங்கும்போது கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே கால் வைத்து வருகிறவர்களுக்கு இது வரும். புதுப் பேட் ஏறக்குறைய 10 மி.மீ. இருக்கும், 3 மி.மீ.க்குக் கீழே போனால் குப்பைக்கு. எண்ணெய் பட்டதும் குப்பைக்கே. கழுவினாலும் தேறாது.

டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் அச்சடித்திருக்கும். விளிம்பில் தேயாமல் நிற்கும் வரப்பில் வைத்து அளந்தால் தவறான எண் வரும்; தேய்ந்த பகுதியில் அளக்கவேண்டும்.

எல்லோரும் தாண்டிப் போகும் இடம்

பேடின் இரு முனைகளிலும் நீட்டிக்கொண்டிருப்பதைக் காது என்று வையுங்கள். அந்தக் காதுகள் பிராக்கெட்டில் (பேட்களைத் தாங்கும் இரும்புச் சட்டம்) மெல்லிய எஃகு கிளிப் மேல் வழுக்கி நகரவேண்டும். கிளிப் துருப்பிடிக்காது, அதற்கு அடியிலுள்ள பிராக்கெட் துருப்பிடிக்கும். துரு பருத்து கிளிப்பைக் கால் மில்லிமீட்டர் மேலே தூக்கினால் போதும், காது இறுகிவிடும். காலை எடுத்த பிறகும் பேட் விலகாமல் டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடும், சூடேறும், பளபளப்பேறும், கத்தும். மேலோட்டமாகப் பார்த்தால் கிளிப் பளிச்சென்று இருப்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

கிளிப்பைத் தட்டை ஸ்குரூடிரைவரால் நெம்பி எடுங்கள். அடியில் செம்பழுப்பாகப் பொருக்குத் தட்டியிருக்கும். பிரஷ் மட்டும் போதாது. தட்டை அரத்தால் இரும்பு வெண்மை தெரியும்வரை தேய்த்து, கிளீனர் அடித்துத் துடையுங்கள். இரும்பையே அராவிவிடாதீர்கள், துரு போனதும் நிறுத்துங்கள். கிளிப்பைத் திருப்பி மாட்டி, கிரீஸ் போடாமல் பேடைச் சொருகிப் பாருங்கள். கட்டைவிரலால் தள்ளினால் நகரவேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் துரு இன்னும் இருக்கிறது, அல்லது பேட் காதில் பெயின்ட் தடிப்பாக இருக்கிறது. மலிவுப் பேட்களில் இது சகஜம். காதின் ஓரத்தை அரத்தால் இரண்டு இழுப்பு இழுங்கள்.

அடுத்து ஸ்லைடு பின். மேல் பின்னும் கீழ்ப் பின்னும் பல கார்களில் ஒன்றல்ல. ஒன்றின் நுனியில் ரப்பர் வளையமோ தட்டையாகச் சீவிய பகுதியோ இருக்கும். மாற்றிப் போட்டால் அங்கிருந்தே புதுச் சத்தம் கிளம்பும். இரண்டையும் துடைத்து, துளைக்குள்ளிருக்கும் பழைய கிரீஸை வழித்தெடுத்து, சிலிகோன் கிரீஸை மெல்லியதாகப் பூசுங்கள். அதிகம் அடைத்தால் உள்ளே காற்றும் கிரீஸும் சிக்கி, உள்ளே தள்ளிய ஸ்லைடு பின் தானாகவே வெளியே வரும். அப்படி வந்தால் ரப்பர் உறையின் வாயை விரலால் சற்று விலக்கிக் காற்றை விடுங்கள்.

மாட்டுவது

பழைய பேடையே போடுவதாக இருந்தால், உப்புத்தாளைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து, தண்ணீர் தெளித்து, எட்டு வடிவில் தேய்த்துப் பளபளப்பை எடுங்கள். பேட் முகத்தின் முன் பின் விளிம்புகளைச் சாய்வாக 3 மி.மீ. அரம் போடுங்கள். உடைத்த சாக்குக்கட்டி இங்கே வேலை செய்கிறது.

பின்தகட்டுக்கும் அதன்மேல் வரும் மெல்லிய தகடான ஷிம்முக்கும் நடுவிலும், பிஸ்டன் தொடும் இடத்திலும், காதுகளிலும் செராமிக் கிரீஸ். தோசைக் கல்லில் வெங்காயத்தால் எண்ணெய் தடவுகிற அளவு போதும். முகத்தில் ஒரு பொட்டும் படக்கூடாது.

புதுப் பேட் தடிப்பானது, பிஸ்டனை உள்ளே தள்ளவேண்டும். பிரேக் எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திறந்து, விளிம்பு வரை இருந்தால் சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுங்கள். பழைய பேடைப் பிஸ்டன்மேல் வைத்து ஜி-கிளாம்ப்பால் மெதுவாகத் தள்ளுங்கள். பிரேக் எண்ணெய் பெயின்டைத் தின்றுவிடும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். மூடியைச் சீக்கிரம் மூடுங்கள், நம்மூர் ஈரக் காற்றை அது குடிக்கும்.

போல்ட்டுகளைக் காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) முறுக்குங்கள். சக்கர நட்டு சுமார் 100 நியூட்டன் மீட்டர்.

காரை நகர்த்தும் முன் பிரேக் மிதியைப் பத்துத் தடவை மிதியுங்கள். முதல் மிதி தரைவரை போகும், ஏனென்றால் பிஸ்டன் இன்னும் பேடைத் தொடவில்லை. இதை மறந்தவர்கள் முன்னாலுள்ள சுவரில்தான் நின்றிருக்கிறார்கள். மிதி கெட்டியானதும் பிரேக் எண்ணெய் அளவைப் பாருங்கள்.

பழக்குவது

ஞாயிறு காலை பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைச் சாலை மாதிரி காலியான இடத்தில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 15 வரை சீராகப் பிரேக் போட்டு இறக்குங்கள், முழுதாக நிற்காமல். எட்டு முதல் பத்துத் தடவை, இடையே அரை நிமிடம் ஓடவிட்டு. கடைசியில் ஐந்து நிமிடம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கை அழுத்திப் பிடித்தபடி நின்றால் பேடின் படிவம் ஒரே இடத்தில் ஒட்டி, பிறகு மிதி உதறும்.

பிறகு சேர்த்தவை

"எல்லாம் செய்தும் கீச்சிடுகிறது" என்கிறவர்களுக்கு: பேட் வகையைப் பாருங்கள். உலோகத்தூள் அதிகம் கலந்த பேட் இயல்பாகவே சத்தக்காரன். நகருக்குள் ஓடும் சின்னக் காருக்கு செராமிக் பேட்தான் என் தேர்வு. டிஸ்க்கில் விரல் நகம் மாட்டுகிற அளவு வரிப்பள்ளம் இருந்தால், தடிமன் இடம் கொடுத்தால் பட்டறையில் ஸ்கிம் பண்ண, அதாவது மேற்பரப்பைச் சீவிச் சமமாக்கச் சொல்லுங்கள்.

பின்னால் டிஸ்க்கும் மின் ஹேண்ட்பிரேக்கும் உள்ள காரில் பின் பிஸ்டனை ஜி-கிளாம்ப்பால் தள்ளவே தள்ளாதீர்கள், மோட்டார் உடையும். முதலில் பராமரிப்பு நிலைக்கு மாற்றவேண்டும். கம்பி ஹேண்ட்பிரேக் உள்ள பின் டிஸ்க்கில் பிஸ்டன் பெரும்பாலும் திருகி உள்ளே போகும் வகை.

சத்தம் பின் டிரம்மிலிருந்து வந்தால்: ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, டிரம்மில் உள்ள இரண்டு மரைத் துளைகளில் 8 மி.மீ. போல்ட்டுகளை மாறி மாறி முறுக்கினால் டிரம் தானாகப் பெயர்ந்து வரும். தூசியை நனைத்துத் துடைத்து, ஷூவின் (டிரம்முக்குள் உராயும் வளைந்த கட்டை) விளிம்பு டிரம் பிரேக்கின் பின்தகட்டை உரசுகிற மேடுகளில் மட்டும் செராமிக் கிரீஸ் ஒரு பொட்டு வையுங்கள். ஷூ அந்த மேட்டில் பள்ளம் போட்டிருந்தால் கிரீஸ் அதிக நாள் தாங்காது. பள்ளத்தை அராவிச் சமமாக்கிய பிறகே மூடுங்கள்.